நாலாவது ஊர்

தலையில் ஈரத்துண்டைச் சுற்றி, அதன் நுனியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து சுவரோரமாகவே நடந்து வருவார். அவரை நினைத்தால் இன்றும் முதலில் அந்த நடைதான் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் கடைசியில், ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஜீப் மட்டும் ஏறும் ஒரு மலையூரில் நான் நர்ஸாக இருந்தேன். ஒடுகத்தூர்க்காரி. வயசு இருபத்துமூன்று, வாய் மட்டும் அறுபது வயசுக்காரிக்கு உள்ளது. அவருக்கு நாற்பது வயசு; மண்டையில் அடிபட்டதிலிருந்து வெளிச்சத்தைக் கண்டு அப்படி ஒதுங்குவார்.

ஊரில் அவரைச் சேதிக்காரர் என்பார்கள். சாவு விழுந்தால் ஊர்க்கவுண்டர் அவரைக் கூப்பிட்டு, எந்தெந்த ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று வாயால் சொல்வார். இவர் உடனே கிளம்பிவிடுவார். யார் போனது, எப்படிப் போனது, எப்போது எடுக்கிறார்கள் என்பதை உறவுக்காரர் வாசலில் நின்றபடியே சொல்வார், உட்கார மாட்டார். செத்தது கட்டிக்கொடுத்த பெண் என்றால், பிறந்த வீட்டார் வந்து முகம் பார்த்துக் கோடிப் புடவை போர்த்திய பிறகுதான் குழியில் இறக்குவார்கள். அதனால் அவர் வாயை நம்பித்தான் பல அம்மாக்களின் கடைசிப் பார்வை இருந்தது. பத்து ஊரானாலும் ஒரு பெயர் தவறாது. "எனுக்கு எழுதத் தெரியாதுங்க, அதான் மறக்கவும் தெரியாது" என்று சிரிப்பார்.

சந்தையிலிருந்து திரும்பும்போது ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் மேல்கம்பி அவர் மண்டையில் இடித்தது. ரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தார், ஒருமுறை வாந்தி எடுத்தார், பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார். வாரம் ஒருநாள் வரும் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சின்ன அடிதான், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்றார். ஒரு மாதம் ஆயிற்று. தலைவலி விடவில்லை. மனைவி எந்திரத்தில் கேழ்வரகு அரைத்தால் அந்தச் சத்தத்துக்கே கத்துவார். பிறகு கத்தினோமே என்று அழுவார். தண்ணீருக்குப் போனவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் வெறும் குடத்தோடு நடுவழியில் நிற்பார். கவுண்டர் வேறு ஆள் பார்க்கலாமா என்று பேச ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் அவர் என்னிடம் வந்தார். "இதையும் புடுங்கிக்கினா நான் யாருங்க நர்சம்மா? எப்டியாச்சும் பழைய மாதிரி ஆக்கிவுடுங்க."

எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோன்றியதைச் செய்தேன். முதலில் ஓய்வு, சாராயம் கூடாது, சந்தைப்பக்கம் போகக் கூடாது. பிறகு தினமும் என் மருந்தறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடம். நான் இரண்டு ஊர்ப் பெயர் சொல்வேன். சற்றுப் பொறுத்து அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. அவருடைய காக்கிச் சட்டையில் இரண்டு பைகள் இருந்தன. ஊருக்கு ஒன்றாக வலப்பையில் புளியங்கொட்டை போட்டுவைப்போம். ஒரு பெயரைச் சொன்னால் ஒரு கொட்டை இடப்பைக்குப் போக வேண்டும். வலப்பை காலியானால் வேலை முடிந்தது. "நல்ல புத்திதான் நர்சம்மா உங்களுக்கு" என்பார். எனக்குத் தலைகால் புரியாது.

இத்தனை காலம் கழித்து, போன வருஷம் என் மகன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, இதே மாதிரி சின்ன அடி, இதே மாதிரி மறதி. வேலூரில் அவனுக்குப் பயிற்சி கொடுத்த பெண் நாலைந்து நாள் அறையில் உட்கார வைத்தாள். அப்புறம் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "நிஜமா செய்யற எடத்துலதான் பழகணும்மா, ரூம்ல பழகினா ரூம்லதான் வரும்" என்றாள். எனக்குச் சேதிக்காரர் நினைவுக்கு வந்தார். நான் அவரை ஒரு நாள்கூட வழியில் நடக்க வைத்துப் பார்க்கவில்லை.

அன்று மலையில், பாடம் தொடங்கி ஆறு வாரம் கழித்து ஊர்க்கவுண்டர் என்னைக் கேட்டார்: "இன்னாம்மா, ஆளு தேறிட்டானா?" தலைவலி இன்னும் இருந்தது எனக்குத் தெரியும். ஆனாலும் சேதிக்காரர் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொல்றேன், சரியாயிட்டாரு. தைரியமா அனுப்புங்க" என்றேன். கொழுப்பு, வேறென்ன?

பத்து நாளில், சாமைக் கொல்லையில் பாம்பு தீண்டி ஒரு பெண் போய்விட்டாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். கவுண்டர் நாலு ஊர் சொன்னார். அவள் பிறந்த ஊர் கடைசி, மலைக்கு அந்தப்பக்கம். காலையில் போனவர் மதியம் திரும்பி, "சொல்லிட்டேங்க" என்றார். மூன்று ஊர்க்காரர்கள் வந்தார்கள். பிறந்த வீட்டார் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம். வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்து, பொழுது சாய்கிறவரை காத்திருந்துவிட்டு, கோபத்தோடு புதைத்தார்கள்.

மறுநாள் யார் மூலமோ கேள்விப்பட்டு அம்மாக்காரி வந்தாள். கையில் கோடிப் புடவை. சம்பந்தி வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சேதிக்காரர் வாசலுக்கு வந்தாள். ஊரே கூடியது, நானும் ஓடினேன். கவுண்டர், "சொன்னியா, இல்லியா?" என்று அதட்டினார்.

அவர் துண்டை அவிழ்த்துவிட்டு நின்றார். "மூணு ஊரு சொல்லிட்டு ஏறினேங்க. மறக்கக்கூடாதுன்னு இந்தம்மா ஊரு பேரச் சொல்லிக்கினே போனேன். கை தானா கொட்டைய மாத்திக்கிச்சி. வெயில்ல தல சுத்துச்சி, உக்காந்தேன். எழுந்தா எங்க போறேன்னே தெரியல. பையப் பாத்தேன், காலி. முடிஞ்சிடுச்சின்னு திரும்பிட்டேன்."

ஐயோ, பெயரைச் சொன்னால் கொட்டையை மாற்று என்று சொன்னவள் நான்.

"எவன் சொன்னான் ஒனக்கு இந்தக் கொட்ட வேலைய?" என்றார் கவுண்டர்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்லீங்க. எம் மண்டதான் கெட்டுப்போச்சி."

அந்த அம்மா அதுவரை அழவில்லை. "எனுக்கு இன்னும் சேதி வரல" என்றாள். "ஊருக்கெல்லாம் சொன்ன இல்ல? எனுக்கும் சொல்லு."

சேதிக்காரர் இரண்டு கைகளையும் கூப்பி, வாசலில் நின்று சொல்லும் அதே தோரணையில், நேற்றுச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார்: "ஒம் மவ காலைல கொல்லையில பாம்பு கடிச்சி போய்ட்டாம்மா. பொழுது சாய எடுக்கறாங்க. வந்து மொகம் பாத்துக்கச் சொன்னாங்க."

ஒரு வார்த்தை தவறவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்து கதறினாள். கொட்டையைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. மாற்றல் வாங்கி மலையிறங்கும்வரை கவுண்டரிடமும் சொல்லவில்லை.