கரோல் வானில் ஏறிய விமானி

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம். அதன் கீழ்த்தளத்தில், தோட்டம் பார்த்த அறை ஆர்தர் பென்ரோஸுடையது. வயது தொண்ணூற்றாறு. உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டியவர். பிடிபட்டு, ஜெர்மன் சிறைமுகாம்களிலிருந்து நான்கு தடவை தப்பியவர். சுரங்கம் தோண்டியதில்லை, வேலி வெட்டியதில்லை. வெளியே போகிற வேலையாட்களோடு, தானும் அவர்களில் ஒருவன் என்ற முகத்தோடு வாசல் வழியே நடந்துவிடுவார். வாசலைத் திறந்துவிட்டது யார் என்று மட்டும் எத்தனை அடி விழுந்தும் சொன்னதில்லை.

இல்லத்திலும் அந்தப் பழக்கம் விடவில்லை. இரண்டு முறை பஸ் தரிப்பில் அகப்பட்டார். இன்னொரு முறை போனால் மேல்மாடிதான் என்று மனேஜர் சொல்லிவிட்டார். மேல்மாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். தோட்டமும் கிடையாது.

அவரைப் பராமரித்த இம்மாகுலேற் மன்னார்க்காரி. அந்த டிசம்பர் நத்தாருக்குத் தன் பங்குக் கோயிலின் கரோல் குழுவை இல்லத்துக்கு அழைத்திருந்தாள். பாட்டு முடிந்ததும் நம் ஆட்கள் உடனே புறப்பட்டுவிடுவார்களா? வாசலில் நின்று வெகுநேரம் விடைபெற்றார்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

பிறகு தேநீரோடு ஆர்தரின் அறைக்குப் போனாள். போர்வைக்குள் இருந்தது தலையணை.

குழுத் தலைவர் சூசைதாசனுக்குப் போன் எடுத்தாள்.

“அண்ணை, உங்கட வானுக்க வெள்ளைக்காரக் கிழவர் ஆரும் இருக்கிறாரோ?”

“ஓம், முன் சீற்றில. எங்கட புது வெள்ளைக்காரப் பாதரின்ர தகப்பனெண்டெல்லோ நினைச்சம்! கையைப் பிடிச்சு ஏத்தினதே நான்தான். இப்ப பற்றிஸ் சாப்பிடுறார்.”

“அட கடவுளே! ஆரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?”

“பாதரின்ர தகப்பனிட்டப் போய் ஆரெண்டு கேக்கிறதே?”

வான் திரும்பி வந்தபோது மனேஜர் வாசலில் நின்றார். “கதவைத் திறந்தது யார்?”

இம்மாகுலேற் வாயெடுக்குமுன் கிழவர் முந்திக்கொண்டார்.

“யாருமில்லை. பூட்டின் இலக்கத்தைப் பார்த்து வைத்திருந்தேன். நானே திறந்தேன்.”

இவர்கள்தான் கூட்டிப்போனார்கள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவருடைய அறை தப்பியிருக்கும். ஆனால், கவனியாமல் கதவைத் திறந்தவளின் வேலை போயிருக்கும்.

மறுநாள் அவருடைய சாமான்கள் மேலே போயின. தேநீர் கொண்டுபோன இம்மாகுலேற்றிடம், ஈஸ்டருக்கும் உங்கள் ஆட்கள் பாட வருவார்களா என்று கேட்டார். வருவார்கள், ஆனால் கீழ்த்தளத்தில்தான் பாடுவார்கள் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

“ஓம்” என்றாள். அந்த ஒரு தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியும்.