நான்கில் மூன்று வந்தாயிற்று

பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவு அபாயமுள்ள லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்கள் இன்று பிற்பகல் மூன்று மணி வரை வெளியேறவில்லை. நேரில் பார்த்ததை அங்கிருந்தே எழுதுகிறேன்.

லயத்துச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. நான்கு அபாய அடையாளங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கறுப்புப் புள்ளி. முதல் மூன்றுக்கும் யாரோ கரியால் ‘சரி’ போட்டிருந்தார்கள்.

"நான்தாங்க போட்டேன்," என்றார் கொழுந்து பறிக்கும் செல்வராணி. "சுவரு வெடிச்சிருச்சு, மரம் சாஞ்சிருச்சு, ஊத்துத் தண்ணி கலங்கிருச்சு. மண்ணுக்குள்ள சத்தம் மட்டும் இன்னும் கேக்கல. கேட்டதும் கெளம்பிருவோம்."

"மலைக்கே மார்க் போடுறா சார்," என்று சிரித்தார் அவர் கணவர்.

"ஒண்ணு வந்தாலே போயிரணும்மா. சத்தம் கேட்ட பிறகு ஓட நேரம் இருக்காது," என்றேன்.

"அப்ப அத ஏன் இதுல போடல?" என்று தாளைக் காட்டினார் செல்வராணி.

அந்த அறிவித்தல் முன்பு ஒரு பக்க நீளப் பந்தியாக இருந்தது. யாரும் படிப்பதில்லை என்று கிராம சேவகர் சொன்னதால், புள்ளி போட்டுச் சுருக்கிக் கொடுத்தவன் நான். "இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வெளியேறவும்" என்ற வரி பட்டியலில் அடங்கவில்லை. எடுத்துவிட்டேன்.

அதைச் செல்வராணியிடம் சொன்னேன். உள்ளே போய்த் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

இதே தாள் இன்னும் ஐந்து லயங்களில் இருக்கிறது. நான்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். தோட்டத்தின் மேல் பிரிவான உச்சி டிவிசன் லயத்தில் யாரும் எடுக்கவில்லை.

ஆட்களை ஏற்றிச் செல்ல லொறி ஐந்து மணிக்கு வரும் என்கிறார் கிராம சேவகர். மழை விடவில்லை.

உச்சி டிவிசனில் யாரையாவது தெரிந்தவர்கள் உடனே அழைத்துவிட்டு இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். என் எழுத்து படிக்கச் சுலபம் என்று பாராட்டியவர்கள் முதலில்.