மொட்டைத் தென்னைக் கிளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் உழவர் சந்தையிலிருந்து கொய்யாப் பழம் வாங்கி வந்தார். பையைக் கவிழ்த்ததும் ஒரு பழம் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. ஒரு பக்கம் முழுக்கக் கொத்தல்.

"கிளி கடிச்சது அம்மிணி. இனிப்பா இருக்கும்னு தேடி எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

சொல்லும்போது அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கல்மிஷமில்லாத முகம். மனிதர் மறந்தே போய்விட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பழத்தை நறுக்கி அவருக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் கொய்யா வாசம் அவ்வளவு லேசில் ஆளை விடுமா? சாயங்காலம் வரை சமையலறையில் சுற்றிக்கொண்டே இருந்தது. அது என்னை இழுத்துக்கொண்டுபோய் விட்ட இடம், நாங்கள் முதன்முதலில் குடியிருந்த லைன் வீட்டின் பொடக்காளி. பொடக்காளி என்றால் வேறொன்றுமில்லை, புழக்கடைதான். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். திருப்பூரில் தெருவுக்குத் தெரு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். நான் அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பொடக்காளி, ஒரே குழாய். சுவருக்கு அந்தப் பக்கம் நிட்டிங் ஷெட். வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் தூக்கம் வராமல் அழுதேன். அப்புறம் கரண்ட் போய் மிஷின் நின்றால் தூக்கம் வராமல் எழுந்து உட்கார ஆரம்பித்தேன். மனுஷப் பிறவிக்கு எதுதான் பழகாது!

அந்தப் பொடக்காளியை யாரும் தோட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு கொய்யா, ஒரு முருங்கை, யாரும் நடாமலே முளைத்த ஆமணக்கு, ஒரு மூலையில் மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட். இவ்வளவுதான். ஆனால் தை பிறந்து பனி விலகுகிற காலையில் அங்கே நடக்கும் கூத்தைப் பார்க்க வேண்டும். வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கீரிக் குடும்பம். முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு. ஆமணக்கு இலையை மடித்துத் தைக்கிற தையல்சிட்டுக்கு ஷெட்டிலிருந்து பறந்து வரும் பஞ்சுத் தூசிதான் மெத்தை. கம்பெனியில் ரோஸ் கலர் ஓடினால் அதன் கூட்டுக்குள்ளும் ரோஸ் கலர். "நம்மூட்டுச் சிட்டுக்கு மட்டும் எக்ஸ்போர்ட் குவாலிட்டிங்க" என்று நான் சொன்னதற்கு அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. புதுப்பெண்ணுக்கு, புருஷன் தன் பேச்சுக்குச் சிரித்தால் போதும். உலகத்தையே வென்ற மாதிரி.

அவருக்கு ஷிப்டு இல்லாத நேரமெல்லாம் பின்வாசல்படிதான் எங்களுக்கு. நான் பனியன் வேஸ்ட்டைக் கிழித்துப் பின்னிக் கால்மிதி செய்வேன். அவர் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையை உருட்டுவார். தாயத்தில் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

குழாயை ஒட்டி ஒரு தென்னை நின்றது. இடி விழுந்து தலை போன மொட்டைத் தென்னை. அதில் மரங்கொத்தி எப்போதோ குடைந்துவிட்டுப் போன பொந்தில்தான் அந்த வருடம் ஒரு ஜோடிக் கிளி வந்து குடியேறியது. முதலில் பார்த்தது நான்தான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் சோப்புக் கையோடு உள்ளே ஓடி அவரை எழுப்பினேன். லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்து பார்த்தார். "சத்தம் போடாதே அம்மிணி, பயந்துக்கும்" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

அதற்கப்புறம் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. ஆண் கிளி சோளம் கொத்திக்கொண்டு வந்து பொந்து வாசலில் பெண்ணுக்கு ஊட்டும். அவர் டூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, "இன்னைக்கு என்னாச்சு?" என்பார். நானும் நியூஸ் வாசிக்கிறவள் மாதிரி ஒன்று விடாமல் சொல்வேன். மாசி பிறந்த பிறகு ஒரு நாள் பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மறுநாள் இன்னொன்று. அப்புறம் மூன்றாவதாக, இரண்டுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு ஒரு சின்னது. "இறக்கை முளைச்சிருச்சு, இனிச் சீக்கிரம் பறந்துருமுங்க" என்றேன். அவர் எழுந்து பொந்துக்கு நேர் கீழே போய் நின்று பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் சித்தி மகள் நிச்சயத்துக்கு நான் அவிநாசி போனேன். திரும்பி வந்தபோது பொந்து காலியாக இருந்தது.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "கொம்பேறி மூக்கன் ஏறியிருக்குது போல அம்மிணி. நான் வந்து பாக்கறப்ப ஒண்ணுமில்ல" என்றார். நான் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். அன்று அவரும் சாப்பிடவில்லை. தாய்க் கிளியும் தகப்பன் கிளியும் வந்து பொந்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தின. உள்ளே தலையை விட்டுப் பார்க்கும், வெளியே வந்து கத்தும், மறுபடி உள்ளே போகும். நாள் கணக்கில் இப்படி. அதையும் நாங்கள் சேர்ந்துதான் பார்த்தோம். "பாவம்" என்றார் அவர்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தைத்த பனியனில் குறை தேடுகிற செக்கிங் வேலைக்குப் போகிறவர். எதையும் பட்டென்று சொல்லிவிடுவார். "பாம்பு ஏறினா கிளி சும்மா இருக்குமாக்கும்? கத்தி ஊரையே கூட்டியிருக்கும்லா. நான் அன்னைக்கு லீவு, வீட்டுலதான் இருந்தேன். ஒரு சத்தமும் கேக்கலையே" என்றார். எனக்கு வந்ததே கோபம்! என் புருஷன் பொய் சொல்கிறார் என்கிறாரா? அந்த மாதம் முழுக்க அக்கா முகம் பார்த்துப் பேசவில்லை. குழாயடியில் என் குடத்தை நிறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்துவிடுவேன்.

பங்குனியில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. பூண்டி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம்.

சித்திரையில் கம்பெனி முதலாளி புது பங்களா கட்டிப் பால் காய்ச்சினார். ஆபரேட்டர் பெண்டாட்டியாக இருந்தால் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? சூப்பர்வைசர் பெண்டாட்டி அல்லவா, கல்யாணப் பட்டு உடுத்திக்கொண்டு போனேன். போர்டிகோவில் ஒரு கூண்டு தொங்கியது. அதற்குள் ஒரே ஒரு கிளி. இறக்கையை வெட்டியிருந்தார்கள். முதலாளி மகள், நாலைந்து வயது இருக்கும், கம்பிக்குள் பென்சிலை விட்டுக் குத்தி, "பேசு, பேசு" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

முதலாளி வீட்டம்மா நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க கண்ணு. உங்க ஊட்டுக்காரர்தானுங்க கொண்டாந்து குடுத்தாரு. உங்க ஊட்டு மரத்துல புடிச்சதாமா. மூணு குடுத்தாரு, ரெண்டு வந்த வாரமே செத்துப்போயிருச்சு. இது ஒண்ணுதான் தங்குச்சு" என்றார்.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "ஆமாங்க" என்றும் சொன்னேன். இலை போட்டதும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஜாங்கிரி வைத்தார்கள், அதையும் தின்றேன். கூண்டிலிருந்தது நடுவில் நசுங்கிக்கொண்டிருந்த அந்தச் சின்னதா, மற்ற இரண்டில் ஒன்றா என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு நாள் பார்த்தும் தெரியவில்லையே என்று கை கழுவப் போகும்போதும் கூண்டைத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"நாந்தான் வாயை வெச்சுட்டு இருக்கமாட்டாம மொதலாளிகிட்டச் சொல்லிப்போட்டேன். பாப்பா கேட்டு அழுகுதுன்னாரு. இல்லீங்கன்னு எப்படிச் சொல்றது? நம்ம நெலமை உனக்குத் தெரியாதா?"

"அதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. பாம்புன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"நீ அழுவியேன்னுதான் அம்மிணி."

"அழுதேனுங்களே. பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்களே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

குஞ்சுகளை எடுத்தது ஒரு பக்கம். ஏழைப்பட்டவன் முதலாளிக்கு முன்னால் தலையாட்டுவதைப் புரிந்துகொள்ள முடியாத அளவுக்கு நான் வேறு உலகத்தில் பிறந்தவள் இல்லை. ஆனால் தாய்க் கிளி பொந்துக்குள் தலையை விட்டு விட்டுத் தேடியபோது, என் பக்கத்தில் உட்கார்ந்து "பாவம்" என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்தான் என்னால் விழுங்க முடியாமல் போயிற்று. அன்று ராத்திரி எஸ்தர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா நகர்ந்து உட்கார இடம் விட்டார்.

அடுத்த மார்கழியில் அதே ஜோடியோ வேறு ஜோடியோ, மறுபடி அந்தப் பொந்துக்கு வந்தன. வெள்ளையடிக்க வந்தவர்களின் ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்துத் தென்னையில் சாத்தி, கை நிறையப் பனியன் வேஸ்ட்டோடு ஏறினேன். பாதிப் பொந்தை அடைத்திருப்பேன், ஏணி ஆடவில்லையே என்று கீழே பார்த்தால், அவர் வந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. வாய் வரைக்கும் திணித்துவிட்டு இறங்கினேன். கிளிகள் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து கத்திவிட்டு, எங்கோ கிழக்கே பறந்து போயின.

"காப்பி வெக்கட்டுங்களா?" என்றேன்.

"வெய்யி" என்றார்.

இப்போது அந்த லைன் வீடு இல்லை. இடித்துக் குடோன் கட்டிவிட்டார்கள். தென்னை, கொய்யா, கீரி ஓடிய வேஸ்ட் மூட்டை எதுவும் இல்லை. எஸ்தர் அக்கா மகளோடு ஊருக்கே போய்விட்டார். நாங்கள் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்து, மாடி வைத்து ஒரு வீடும் கட்டிவிட்டோம். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர் அவர். நல்ல புருஷன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன்.

இந்த மாசியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு தவிட்டுப் புறா முட்டையிட்டிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரிவதில்லை. அவருக்கு முட்டி வலி, மாடி ஏறுவதில்லை. கீழேயிருந்து குரல் கொடுக்கிறார்.

"இத்தனை நேரமா மேல என்ன அம்மிணி பண்றே?"

"துணி காயப் போடறனுங்க."