ஆறுக்கு அடுத்தது

பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுகளை எண்ணும்போது ஓசெல்லா ஏழு என்று சொல்லமாட்டாள். "அஞ்சு, ஆறு, அடுத்தது, எட்டு" என்றுதான் எண்ணுவாள். பதினோரு வருடம் அப்படித்தான் எண்ணினாள். கடலோர ஊரான பில்லாக்சியில் சூதாட்டக் கப்பல் ஏறியவர்களுக்கு இதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பகடை மேஜையருகே அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது கல்யாண வீட்டில் ஒப்பாரி வைப்பதற்குச் சமம்.

அவளுக்குப் பகடை பழக்கியது எர்லீன். இருவரும் இருபது வருடம் ஒரே அடுப்படியில் வெந்தவர்கள். புயல் எர்லீனின் கூரையைப் பிய்த்துப் போட்டிருந்தது. எட்டு மாதமாக நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வாளிகளை வைத்துவிட்டுத் தூங்கினாள். கூரைக்காரர் ஆயிரத்து நானூறு டாலர் கேட்டார். அவளிடம் முந்நூறு இருந்தது; மீதியைப் பகடையில் எடுக்கப் பார்த்தாள்.

மதிய இடைவேளையில், சாப்பாட்டுத் தட்டில் பகடை உருட்டிப் பாடம் நடந்தது.

"முதல் வீச்சில ஏழோ பதினொண்ணோ விழுந்தா நமக்கு. ரெண்டு, மூணு, பன்னெண்டுன்னா போச்சு. வேற எது விழுந்தாலும் அதுதான் நம்ம எண். அது திரும்ப விழணும். அதுவரைக்கும் மத்த எண்கள் மேலயும் காசு வைக்கலாம், விழுந்தா லாபம், எப்ப வேணாலும் எடுத்துக்கலாம்."

"அதுக்குள்ள ஏழு வந்துட்டா?"

"எல்லாத்தையும் துடைச்சிட்டுப் போயிடும். முதல் வீச்சில அவன் தேவதூதன், அப்புறம் சாத்தான். அங்க வந்து அந்தப் பேரைச் சொல்லிடாதடி. யாராவது சொன்னா, எண்கள் மேல வச்ச காசையெல்லாம் அந்த நிமிஷமே எடுத்துடுவேன்."

ஓசெல்லா அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். ஓசெல்லா ஐந்து டாலரை நீட்டினாள். "கையில வாங்கக் கூடாதும்மா, மேஜைல வைங்க" என்றான் மேஜைக்காரன். பகடை எர்லீன் கைக்கு வந்தது. அவள் எண் ஒன்பது. ஒன்பதும் திரும்ப விழவில்லை, சாத்தானும் வரவில்லை. மற்ற எண்கள் மாறிமாறி விழுந்தன. அவற்றின் மேல் காசுக்குப் பதிலாக வைத்திருந்த சில்லுகள் பெருகப் பெருக, எடுக்காமல் அங்கேயே அடுக்கினாள்.

"அக்கா, இன்னிக்கு உங்க வலையில நல்ல மீனா மாட்டுது" என்றார் பக்கத்தில் நின்ற இழுவைப் படகுக்காரர்.

ஓசெல்லா கண்ணாலேயே எண்ணினாள். ஆயிரத்து ஐந்நூறு தாண்டிவிட்டது.

"எடுத்துடுடி. கூரை வந்தாச்சு."

"கூரையோட தாழ்வாரமும் வரட்டும்."

"எர்லீன்…"

"வீசறவ கையைப் பிடிக்காத. சும்மா நில்லு."

ஒரே ஒரு சொல் போதும், பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள் என்று ஓசெல்லா நினைத்தாள். காப்பாற்றும் ஆசைதான். நான் சொன்னதை ஒருநாளாவது கேட்டிருக்கிறாளா என்ற எரிச்சலும் அதில் கலந்திருந்ததா? அவளுக்கே கடைசிவரை தெளிவாகவில்லை.

"ஏழு வந்துட்டா என்ன பண்ணுவே?" என்று உரக்கக் கேட்டாள்.

புதியவளுக்கு நேரம் பிடிபடவில்லை. பகடைகள் அதற்குள் எர்லீனின் கையை விட்டுப் போயிருந்தன. மேஜையின் எதிர்விளிம்பில் மோதித் திரும்பி நின்றன. ஒன்றில் நான்கு, மற்றதில் மூன்று.

மேஜைக்காரன் சில்லுகளை வாரிக்கொண்டான்.

"யாருங்க இந்தம்மாவை உள்ள விட்டது? வீட்ல உக்காந்து பைபிள் படிக்க வேண்டியதுதானே" என்றார் படகுக்காரர்.

எர்லீன் அவரை முறைத்தாள். "விடுங்க. அவ புதுசு. தெரியாம சொல்லிட்டா."

தெரிந்துதான் சொன்னேன் என்பது ஓசெல்லாவின் தொண்டைவரை வந்தது. "மன்னிச்சிடு" மட்டும் வெளியே வந்தது.

"பகடைக்குக் காதா இருக்கு?" என்றாள் எர்லீன். ஆனால் வீடு வரும்வரை காரில் மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை முதல் ஓசெல்லாவின் எண்ணிக்கையில் அந்தத் தாண்டல் வந்தது. சமையலறைக்குப் புதிதாக வருபவர்கள் சிரித்தால், "பாவம், ஒருதடவை தெரியாம சொல்லிட்டுப் பயந்துட்டா" என்று எர்லீனே பரிந்து பேசுவாள். அவள் பரிந்து பேசும்போதெல்லாம் ஓசெல்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

நனைந்து நனைந்து சுவரெல்லாம் பூசணம் பிடித்தபின் எர்லீன் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அலபாமாவில் மகளோடு போய்த் தங்கினாள். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் போனில் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் ஓசெல்லா ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு மேஜைல நான் சொன்னேன் பாரு…"

"இன்னுமா அதைச் சுமக்கிறே? தெரியாம சொன்னதை யாருடி கேட்டா? அதை விடு, உனக்கு இப்பப் பேரப்புள்ளைங்க எத்தனை?"

ஓசெல்லா விரல்விட்டு எண்ணினாள். "ஆறுக்கு அடுத்தது."

அந்தப் பக்கம் எர்லீன் இருமல் வரும்வரை சிரித்தாள். ஓசெல்லாவும் சிரித்துவைத்தாள். அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் பக்கவாதம் முதலில் ஓசெல்லாவின் பேச்சை எடுத்தது, பிறகு அவளையும்.

'தெரிந்துதான் சொன்னேன்' என்ற அந்த ஒரு வாக்கியம் எர்லீனுக்குப் போய்ச் சேரவேயில்லை.