முட்டி மிஸ்ஸின் தொண்டை

பேருந்திலிருந்து இறங்குகிறவர்களின் முகத்தை அவர் பார்ப்பதில்லை, முட்டியைத்தான் பார்ப்பார். "இடது உள்ள சாயுது," என்று முணுமுணுப்பார். இறங்கிய ஆள் திரும்பிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு போவார்.

பெண்கள் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. மாணவிகளுக்கு முட்டி மிஸ். பத்தொன்பது வயதில் வலைக்கு மேல் எழும்பிப் பந்தை அடித்துவிட்டு இறங்கியபோது வலது முட்டியைப் பிடித்து நிறுத்தும் லிகமென்ட் நார் அறுந்தது. ஆட்டமும் அன்றோடு அறுந்தது. "எகிறச் சொல்லிக் குடுத்தாங்க. எறங்க எவளும் சொல்லிக் குடுக்கல," என்பது அவருடைய தீராத வழக்கு. அதனால் அவருடைய கைப்பந்துக் கூடத்தில் பாதி நேரம் பந்துக்கு வேலை இருக்காது. பதினான்கு பெண்கள் ஒரு மரப்பெட்டியின் மீதேறி வரிசையாகக் குதிப்பார்கள். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு முழக்கம் கிளம்பும்: "மடக்குடி முட்டிய! உள்ள விடாத! ஒலக்கை மாதிரி வந்து நிக்கிறா பாரு!" எட்டு வருடத்தில் அங்கே ஒரு முட்டியும் போனதில்லை. இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

முட்டிகளைக் காத்த அந்தத் தொண்டையை மட்டும் காக்க ஆளில்லை. ஒரு திங்கட்கிழமை அது போயிற்று. பத்து நாள் பேசவே கூடாது என்றார் மருத்துவர். வீட்டில் கணவரின் முகம் மலர்ந்ததை அவர் கவனித்து வைத்துக்கொண்டார்.

மறுநாள் கூடத்தில் கையை ஆட்டிக் குதிக்கச் சொன்னார். முதல் பெண் குதித்தாள். பலகைத் தரை அதிர்ந்தது. முட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கப்போவதுபோல உள்ளே மடிந்தன. தூக்கக் கலக்கமாக இருக்கும் என்று நினைத்தார். இரண்டாமவளும் அப்படியே. மூன்றாமவளும். பதினான்கு பேரில் பதினொரு பேர் மூட்டை இறக்குவதுபோல விழுந்தார்கள். நேற்றுவரை பூனைபோல இறங்கிய அதே பெண்கள். பதினோராவதாக விழுந்தவள் அணிக்காக வலைமேல் எழும்பிப் பந்தை அடிப்பவள், பதினாறு வயது, அவருடைய சொந்த மகள்.

அவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கத்தக்கூடக் குரல் இல்லை.

"மிஸ், திட்டுங்க மிஸ்," என்றாள் குட்டையான ஒருத்தி. "நீங்க சும்மா இருந்தா பயமா இருக்கு."

அவருடைய தம்பி இயன்முறை மருத்துவர். பெண்கள் குதிப்பதை மிஸ் கைபேசியில் எடுத்து வந்த படத்தை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"அக்கா, இதுங்க எறங்கக் கத்துக்கல. நீ கத்துனா மடக்கணும்னு கத்துக்கிச்சுங்க. பெல் அடிச்சா எழுந்து நிக்கிற மாதிரி. மேட்ச்ல அந்தக் கூச்சல்ல உன் குரல் எவளுக்குக் கேக்கும்?"

ஒரு தாளில் மிஸ் எழுதினார்: எட்டு வருஷம் எவளுக்கும் ஒண்ணும் ஆகலையே?

"இங்க இருந்தவரைக்கும் ஆகல. போனவங்கள கேட்டியா?"

கேட்டதில்லை. அன்று மாலையே பழைய மாணவிகளுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பினார்: முட்டி எப்படி இருக்கிறது? ஏழாவது பதில் இப்படி வந்தது: "காலேஜ் சேந்த முதல் வருஷமே போயிடுச்சு மிஸ். ஆபரேஷன் பண்ணாங்க. நீங்க அவ்ளோ சொல்லிக் குடுத்தும் இப்படி ஆயிடுச்சேன்னு வெக்கமா இருந்துச்சு, சொல்லல." இரவுச் சாப்பாட்டுக்குள் அப்படி நான்கு பதில்கள். அந்த எட்டு வருடப் பெருமையை அதன்பின் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஆட்டத்துக்கு, மகளும் ஆடவிருந்ததற்கு, ஆறு வாரம் இருந்தது. பெயரை எடுத்துவிடலாமா என்று தாளில் எழுதிக் காட்டினார்.

"எடுத்தா அவ உன்னோட பேசமாட்டா," என்றார் தம்பி. "சின்ன வயசு மூளைக்கா, புதுசா ரோடு போட்டுக்கும். ஆனா நீ வாயத் தொறந்தா மறுபடி பழைய ரோட்டுக்கே ஓடிடும்."

கூடம் தலைகீழானது. இப்போது குதிப்பவளுக்குக் கரும்பலகையில் எழுதிய ஒரே கட்டளை: தரைக்குக் கேட்காமல் இறங்கு. முட்டி என்ற சொல்லுக்கே தடை. அவள் காற்றில் இருக்கும்போது எதிர்பாராத பக்கத்திலிருந்து பந்து வரும். தோழி ஒருத்தி பதினேழாம் வாய்ப்பாடு கேட்பாள். இன்னொருத்தி தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். ஒருநாள் பெட்டி, மறுநாள் படிக்கட்டு, அடுத்த நாள் ஒற்றைக் கால். தவறாக விழுந்தவளை மிஸ் திருத்துவதில்லை. எந்தக் கால் முதலில் பட்டது என்று அவளையே சொல்ல வைத்தார். "வாய்ப்பாடு தெரியாம விழுந்தேன் மிஸ், முட்டி மேல தப்பில்ல," என்றாள் குட்டையானவள்.

பத்து நாளில் தொண்டை சரியாகிவிட்டது. கூடத்தில் அதை அவர் வெளியே விடவில்லை. வீட்டில் குழாய் பழுதுபார்க்க வந்தவர்மீது மொத்தமும் இறங்கியது.

"மிஸ்ஸுக்குத் தொண்டை வீட்டுல மட்டும் வேல செய்யுமோ?" என்றாள் மகள்.

"வாய மூடுடி. எவகிட்டயாவது சொன்ன, தோல உரிச்சிடுவேன்."

ஐந்தாம் வாரம் தம்பி மீண்டும் படம் எடுத்தார். பதினான்கில் மூன்று பேருக்கு இன்னும் முட்டி உள்ளே மடிந்தது. மகள் அந்த மூவரில் இல்லை. ஆனால் கூடத்தில் மடியாதது கூட்டத்தில் மடியாது என்று யார் கையெழுத்துப் போட்டுத் தருவது?

தேர்வு ஆட்டத்தன்று அரங்கில் காது அடைத்தது. மூன்றாவது சுற்று. மகள் வலையோரம் எழும்பினாள். பந்து தடுப்பவளின் விரலில் பட்டுத் திசைமாறியது. காற்றிலேயே மகளின் உடம்பு அதன் பின்னே திரும்பியது. பத்தொன்பது வயதில் அவர் திரும்பியதும் இதே மாதிரிதான். 'மடக்குடி' என்ற அந்த எட்டு வருடச் சொல் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது.

மகள் இறங்கினாள். இரண்டு காலும் ஒன்றாகப் பட்டன, முட்டிகள் பாத விரல்களுக்கு நேராக மடிந்தன. மறுகணமே எழுந்து அடுத்த பந்துக்குத் தயாரானாள்.

பந்து மகளின் பக்கமே விழுந்து, புள்ளி எதிரணிக்குப் போனது. நடுவர் ஊதினார், கூட்டம் 'ச்சே' என்றது, பந்து கைமாறியது. கோட்டுக்கு வெளியே முட்டி மிஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தவர்போல இரு முட்டியையும் மடக்கி நின்றார். அந்த அறுந்த முட்டி நடுங்கியது; அவர் இன்னும் நிமிரவில்லை.