அக்காவுக்காக நான் தொட்ட பதில்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் என் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். குன்னம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். மாமா அரியலூரில் சிமென்ட் லாரி ஓட்டுகிறார். வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். குறை என்று சொல்ல எதுவும் இல்லை. நெஞ்சு படபடக்கிறது என்று அந்த மாதத்தில் மூன்றாவது முறையாகச் சொன்னதால் அழைத்து வந்திருந்தேன்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். கோளாறு இல்லை. பிறகு ஒரு நர்ஸ் டேப்லெட் கணினி ஒன்றைக் கொண்டு வந்தார். மனநலம் பற்றிய கேள்விகள், தமிழில்தான் இருக்கின்றன, விரலால் தொட்டால் போதும், இங்கு வருகிற எல்லோரும் செய்கிறார்கள் என்றார்.

எங்கள் குடும்பத்தில் படிவம் என்றால் என் கைக்குத்தான் வரும். ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீடு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் நான் நிரப்பியவை. அன்றும் யாரும் கேட்காமலே கை நீட்டினேன்.

"அவங்களேதான் போடணும் சார்," என்றார் நர்ஸ்.

"அக்கா கண்ணாடி எடுத்துட்டு வரல சிஸ்டர். நான் படிச்சுக் காட்டிப் போட்டுடறேன்."

அக்கா சிரித்தாள். "அவங்கிட்டயே குடுங்கம்மா. எங்க வூட்டு ஆபீசரு அவந்தான்."

அதற்குள் விபத்தில் அடிபட்ட ஒருவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். நர்ஸ் டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

பத்துக் கேள்விகள் இருந்திருக்கும். எழுத்துகள் பெரிதாகத்தான் இருந்தன. முதலாவது தூக்கம் வராமல் தவிப்பது பற்றியது.

"தூக்கம் வருதாக்கா?"

"வருது, வருது."

அடுத்ததை நான் படித்துக் காட்டவில்லை. பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தவர் அக்காவின் ஊர்க்காரர். எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுபட அந்தக் கேள்விகளைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தவிர, படிவங்களில் பழகிய கை. 'ஆம்' என்று போட்டால் இன்னொரு மேசைக்குப் போகச் சொல்வார்கள். 'இல்லை' என்று போட்டால் வேலை முடியும். எல்லாவற்றுக்கும் 'ஒருநாளும் இல்லை' என்பதையே தொட்டேன். உயிரோடு இருந்து பயனில்லை என்று தோன்றியதுண்டா என்பது கடைசிக் கேள்வி. அதற்கும் அதுவே. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அக்கா என் தோள் பக்கம் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வாயுத் தொல்லைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் அக்கா கேட்டாள். "ஒண்ணும் இல்லன்னுட்டாங்களாடா?"

"ஒண்ணும் இல்லக்கா."

குன்னம் வரை ஜன்னல் வழியே மக்காச்சோளக் காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பதினோராம் நாள் மதியம் அதே பிரிவுக்கு அவளை ஆம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். என்ன செய்துகொண்டாள் என்பதை எழுதப்போவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் உறைமோர் கேட்டு வந்ததால் உயிர் தப்பியது.

மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். வார்டுக்கு மாற்றுவதற்கு முன் அதே நர்ஸ் அதே டேப்லெட்டோடு வந்தார். என் கை தானாக நீண்டது. அவர் அதைக் கவனிக்காதவர் போல டேப்லெட்டை அக்காவின் மடியில் வைத்தார். "நீங்க வெளிய இருங்க சார்," என்று திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அன்றும் அவளிடம் கண்ணாடி இல்லை.

டேப்லெட்டை வாங்கிப் பார்த்த நர்ஸ் மனநல டாக்டருக்கு உடனே போன் செய்தார். நான் உள்ளே போனேன்.

"அன்னைக்கு நீ தொட்டதெல்லாம் பாத்துக்கிட்டுத்தாண்டா இருந்தேன்," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஒண்ணும் இல்லாமலே இப்புடி இருக்குன்னா, இனிமே யாருகிட்ட போயி என்னன்னு சொல்றதுன்னு ஆயிடுச்சு."



இப்போது மாதம் ஒருமுறை அவளைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போகிறேன். டாக்டர் அறைக்குள் அவள் தனியாகப் போகிறாள். மாத்திரைகள் தொடர்கின்றன. சில மாதம் நன்றாக இருக்கிறாள். சில மாதம் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உறவினர்கள் இன்னமும் படிவங்களை என்னிடம்தான் கொண்டு வருகிறார்கள். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, உரியவர் பதில் சொல்லும்வரை பேனாவைத் தாளில் வைக்காமல் காத்திருக்கிறேன். ஆனால் அன்று நான் அக்காவுக்குப் படித்துக் காட்டாத அந்தக் கடைசிக் கேள்வியை, இத்தனை பஸ் பயணங்களில் பக்கத்தில் உட்கார்ந்தும், என் வாயால் அவளிடம் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.