நான் படிக்காமல் விட்ட வரி

ஏரிக்கரைப் பந்தலுக்குள் வரிசையாக வைத்திருந்த பாலித்தீன் பைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன. பாதி தண்ணீர், பாதி காற்று, உள்ளே விரல் நீளத்தில் கட்லா மீன்குஞ்சுகள். காலையில் வர வேண்டிய விருந்தினர்கள் படப்பையில் வேறொரு விழாவை முடித்துவிட்டு வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். தாம்பரத்தை ஒட்டிய அந்த ஏரியின் மீன்வளத்தைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியன் நான். மீன்குஞ்சு விடும் விழாவுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

மீனவர் சங்கத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், பைய அப்டியே கொஞ்ச நேரம் ஏரில மெதக்க வுடணும். உள்ள கீற தண்ணியும் வெளித் தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும். இல்லாங்காட்டி குஞ்சு தாங்காது." பயிற்சியில் நானே படித்துத் தேறிய பாடம் அது. "அவங்க அடுத்து மறைமலை நகர் போகணும் தலைவரே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். பைகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். புகைப்படங்கள் நன்றாக வந்தன.

மறுநாள் கரையோரம் முழுக்கக் குஞ்சுகள் செத்து மிதந்தன. தலைவரும் ஆட்களும் அள்ளிப் புதைத்தார்கள். வெளியே தெரிய வேண்டாம், வேறு குஞ்சு வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் நம்பினார். சங்கத்தார் வாயையும் அவரே அடைத்தார். என் வீரமோ மேலதிகாரியின் அறை வாசலோடு நின்றுவிட்டது. மறுபடி குஞ்சு கேட்டால், விட்டது என்ன ஆயிற்று என்று கேட்பார்களே.

அந்த வருடம் வலையில் ஒன்றும் பெரிதாக விழவில்லை. காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. சங்கத்தினர் சிறுகண் வலை போட்டுக் குஞ்சுகளை வளரும் முன்பே பிடித்துவிட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிறுகண் வலை போட்ட தன் சொந்த மைத்துனனையே ஏரியில் இறங்கவிடாமல் நிறுத்தியவர் அந்தத் தலைவர். அது தெரிந்தும் எழுதினேன். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மீன்பிடி உரிமை சங்கத்தின் கையை விட்டு ஒரு ஒப்பந்தக்காரருக்குப் போனது. ஆணையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு தலைவர் என்னிடமே வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினேன், காரணம் சொல்லியிருந்த அந்த ஒரு வரியை மட்டும் தாண்டி. "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நடையாய் நடந்து மனு கொடுத்த மீன் இறக்கும் மேடை அதற்கப்புறம்தான் கட்டி முடிந்தது. எடை போடும் இடம் நிழலில் இருக்க வேண்டும், கழுவுகிற தண்ணீர் ஏரிக்குத் திரும்பக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல நான் வரைந்து கொடுத்த மேடை. ஆய்வுக்குப் போனேன். ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்கு வலை இழுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"எம் பொண்ணு அந்த ஆர்டர பட்சிச்சி சார். பன்னெண்டாவது போவுது. நீங்க ஒரு வரி வுட்டுட்டீங்கோ."

நான் மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உரிம போனது போவட்டும் சார். நெசமாவே குஞ்சுங்கள நீதான் புட்சியா அப்பானு அது கேட்டுகினே கீது. நான் சொன்னா நம்ப மாட்டுது. நீங்க ஒரு வாட்டி வூட்டாண்ட வந்து சொல்றீங்களா?"

அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பெண்ணும் படித்து முடித்து எங்காவது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். தன் அப்பாவைப் பற்றி அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை.